முதலாண்டு மகளுக்குத் தலைமைத்துவ விடுதி தேவையா?

லவுடன் அம்மா எழுதியது:

வணக்கம். இந்த ஆகஸ்டில் எங்கள் மூத்த மகள் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் பிளாக்ஸ்பர்க் ஊருக்குப் போகிறாள். முதலாண்டு மாணவர்கள் வளாகத்து விடுதியில் தங்க வேண்டும் என்பது அங்கே பொது விதி. ஆகையால் விடுதி வேண்டுமா என்ற கேள்வி எங்களுக்கு எழவில்லை. எந்த விடுதி என்பதில்தான் மூன்று நாட்களாக வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

சாதாரண டார்மில் ஓர் அறையைக் கேட்டு விண்ணப்பிப்பாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவளோ தலைமைத்துவத்துக்கென்று இயங்கும் விடுதிக் குழுமம் ஒன்றில் சேர விரும்புகிறாள். அதில் சேர்பவர்கள் ஒரே கட்டிடத்தில் தங்குகிறார்கள், தலைமைத்துவம் குறித்த பாடம் ஒன்றைச் சேர்ந்தே படிக்கிறார்கள், சமூகப் பணி எதையாவது குழுவாக எடுத்துச் செய்கிறார்கள் என்ற அளவுக்கு எனக்குப் புரிந்திருக்கிறது. பொறியியல் மாணவர்களுக்கென்றே ஒரு குழுமம் அங்கேயே இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். 'நாள் முழுக்க வகுப்பில் பார்ப்பவர்களையேதான் இரவிலும் பார்க்க வேண்டுமா?' என்று திருப்பிக் கேட்டாள்.

என் கவலையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே பொறியியலில் சேரும் அனைவரும் முதலில் பொதுப் பொறியியல் மாணவர்களாகவே தொடங்குகிறார்கள். எந்தத் துறை கிடைக்கும் என்பதில் முதலாண்டு மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ.வுக்குப் பெரிய பங்கு உண்டு. கால்குலஸ், வேதியியல், இயற்பியல் எல்லாம் ஒன்றாக வந்து விழும் அந்த ஆண்டில் கூடுதலாக ஒரு பாடமும் கூட்டங்களும் தேவையா? என் கணவர், தலைமைப் பண்பு என்பது இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் வகுப்பு நடத்தி வரவழைக்க முடியாது என்கிறார். இன்னொன்றும் உண்டு. எங்கள் மகள் மிகவும் அமைதியானவள். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் குறள் ஒப்பிப்பதற்கு மட்டும் மேடை ஏறுவாள். தொகுத்து வழங்கச் சொன்னால் மறுத்துவிடுவாள். அப்படிப்பட்ட பெண் வாய் ஓயாமல் பேசும் பிள்ளைகள் நடுவே காணாமல் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

நான் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தவள். எனக்குத் தெரிந்த விடுதியில் வார்டன் இருந்தார், மாலை ஆறரை மணிக்குக் கதவடைப்பு இருந்தது, மெஸ் கணக்கு இருந்தது. விடுதியே வகுப்பறையாக இருப்பது எனக்குப் புதிய செய்தி. இத்தகைய குழுமத்தில் இருந்தவர்களோ, பிள்ளைகளை அனுப்பியவர்களோ சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய விடுதிவாசி எழுதியது:

வணக்கம் அக்கா. பத்தாண்டுகளுக்கு முன் அங்கே இருந்த ரெசிடென்ஷியல் லீடர்ஷிப் கம்யூனிட்டி என்ற தலைமைத்துவக் குழுமத்தில் நான் முதலாண்டைக் கழித்தேன். நானும் பொறியியல்தான். அதனால் எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் இருந்தபோது குழுமம் பெட்ரூ–யேட்ஸ் என்ற கட்டிடத்தில் இயங்கியது. அந்தப் பெயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் முதல் வாரமும் அதிலிருந்துதான் தொடங்கியது. இர்விங் பெட்ரூ என்பவர் 1953இல் அந்தக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட முதல் கறுப்பின மாணவர். சேர்த்துக்கொண்டார்களே தவிர, விடுதியில் தங்கவோ உணவுக்கூடத்தில் சாப்பிடவோ அவரை அனுமதிக்கவில்லை. ஊருக்குள் ஹோக் என்ற கறுப்பினத் தம்பதியர் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள். அங்கிருந்து வகுப்புக்கு நடந்து வந்து போனார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் பெறாமலேயே வெளியேறினார். 1954இல் சேர்ந்த சார்லி யேட்ஸும் அதே தடைகளோடு படித்து, 1958இல் இயந்திரவியலில் பட்டம் பெற்றார். அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவரே. விடுதிக்குள் கால் வைக்க விடப்படாத இருவரின் பெயரை ஒரு விடுதிக்கே வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டு, எங்கள் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார்: 'இந்தக் கதையில் தலைவர் யார்?' நாங்கள் எல்லோரும் பெட்ரூ என்றும் யேட்ஸ் என்றும் சொன்னோம். வீட்டுக் கதவைத் திறந்த ஹோக் தம்பதியரின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை என்பதை அவர் சுட்டிக்காட்டியபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. 2020இல் இன்னொரு விடுதிக்கு அவர்கள் பெயரை வைத்தார்கள் என்ற செய்தியைப் படித்தபோது அந்த வகுப்புதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் கணவரின் கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. தலைமை என்றதும் நம் வீடுகளில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகள்தான் கண்முன் வருகின்றன. அங்கே சொல்லித்தருவது வேறு. கலிபோர்னியாவில் அஸ்டின் என்ற ஆய்வாளர் தம்பதியர் தலைமையில் ஒரு குழு உருவாக்கி 1996இல் வெளியிட்ட சமூக மாற்றத்துக்கான தலைமைத்துவ மாதிரி என்ற ஒன்று, அமெரிக்கக் கல்லூரிகளின் இத்தகைய பாடங்களில் பரவலாகப் பயன்படுகிறது. தலைமை என்பது ஒருவர் வகிக்கும் பதவி அன்று, பலர் சேர்ந்து ஒரு மாற்றத்தைக் கொண்டுவரும் செயல்முறை என்பதே அதன் அடிப்படை. தன்னை அறிதல், சொல்லும் செயலும் ஒன்றாயிருத்தல், சேர்ந்து உழைத்தல் என்று அது வரிசைப்படுத்தும் பண்புகளுள் ஒன்று, நாகரிகம் குறையாமல் முரண்படுதல். மற்றவை எனக்கு எளிதாகவே வந்தன. இது ஒன்றுதான் வரவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று கேட்டு வளர்ந்த பெண் நான்; ஒத்த வயதுக்காரர்களிடம்கூட 'நீ சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை' என்று சொல்ல வாய் எழாது.

அது எப்படி வெளிப்பட்டது என்று சொல்கிறேன். இரண்டாம் பருவத்தில் எங்கள் ஆறு பேர் குழு ஒரு பணியை எடுத்துக்கொண்டது. மே மாதம் விடுதியைக் காலி செய்யும்போது மாணவர்கள் விட்டெறிந்துவிட்டுப் போகும் விளக்குகள், போர்வைகள், பிரிக்கப்படாத உணவுப் பொட்டலங்கள் ஆகியவற்றைச் சேகரித்து, தேவைப்படுவோருக்குச் சேர்ப்பதாகத் திட்டம். மார்ச் மாதத்துக்குள் மூவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுடைய வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து செய்தேன், அதைப் பெருமையாகவும் நினைத்துக்கொண்டேன். பருவ இறுதியில் எழுத வேண்டிய சிந்தனைக் கட்டுரையில் அதை அப்படியே எழுதினேன். திருத்திய ஆசிரியர் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: அந்த மூவரிடமும் நீ என்ன கேட்டாய்? நான் கேட்டதே இல்லை. அவர்கள் இருந்தது என் அறையிலிருந்து நான்கு கதவுகள் தள்ளி. நடைபாதையில் தினமும் பார்த்துக்கொண்ட முகங்கள்.

பிறகு கதவைத் தட்டிக் கேட்டேன். ஒருவனுக்கு வேதியியலில் தேர்ச்சி பெறுவதே சந்தேகமாக இருந்திருக்கிறது. ஒருத்தி, எல்லாவற்றையும் நானே செய்துவிடுவதால் தன்னை வேண்டாதவளாக நினைத்திருக்கிறாள். மூன்றாமவன் வெறும் சோம்பேறி. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வகுப்பில் மட்டும் சந்தித்த குழுவாக இருந்திருந்தால் அவர்கள் மீது கோபத்தோடு பருவம் முடிந்திருக்கும். ஒரே மாடியில் இருந்ததால் தப்பிக்க முடியவில்லை. அந்தக் குழுமத்தில் எனக்குக் கிடைத்தது பாடத்தைவிட அந்த நடைபாதைதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அமைதியான பெண் காணாமல் போய்விடுவாளா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் மாடியில் பேச்சாளர்களுக்குக் குறைவில்லை என்பது உண்மையே. ஆனால் வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முந்தைய ஆண்டு அங்கே இருந்த மாணவர் ஒருவரைப் பொறுப்பாக வைத்திருந்தார்கள். எங்கள் குழுவின் பொறுப்பாளர், பேசாதவர்களிடம் முதலில் கருத்துக் கேட்பதை வழக்கமாக வைத்திருந்தார். அது எனக்கு ஆரம்பத்தில் வேதனையாகவும் பிறகு பழக்கமாகவும் ஆயிற்று.

மூன்று பிள்ளைகளின் அப்பா எழுதியது:

மேலே எழுதிய தங்கைக்குக் கிடைத்த அனுபவம் எல்லோருக்கும் கிடைக்காது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். என் இரண்டாவது மகன் வேறொரு மாநிலத்தில், நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு பல்கலைக்கழகத்தில், இதே போன்ற பெயர் தாங்கிய மாடியில் சேர்ந்தான். சுவரில் பதாகை இருந்தது, ஆளுக்கொரு சட்டை கொடுத்தார்கள், ஆன்லைனில் ஒரு தேர்வு வைத்து அவனுடைய பலங்கள் ஐந்து என்று தாள் ஒன்றைக் கையில் தந்தார்கள். அதன் பிறகு மாதம் ஒரு பீட்சா கூட்டம். பாடமும் கிடையாது, பேராசிரியர் எவரும் அந்தப் பக்கம் வந்ததாகவும் தெரியவில்லை. உயர்நிலைப் பள்ளியில் மாணவர் மன்றத் தலைவராக இருந்தவர்களே அந்த மாடியில் பெரும்பாலோர் என்பதால், பந்தியில் எல்லோரும் பரிமாறுகிறவர்களாகவும் உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லாமலும் போனது போலிருந்தது என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அவனுக்கு நெருங்கிய நண்பர்கள் கிடைத்தது பாட்மின்டன் குழுவில்.

என் மகள் சாதாரண விடுதியில்தான் இருந்தாள். இரண்டாம் ஆண்டில் ரெசிடென்ட் அசிஸ்டென்ட் (ஆர்.ஏ.) ஆனாள். ஒரு மாடி மாணவர்களுக்குப் பொறுப்பேற்று, நள்ளிரவில் காய்ச்சல் வந்தவர்களையும் வீட்டு நினைவில் அழுதவர்களையும் பார்த்துக்கொண்டதில் அவள் கற்றதற்குமேல் எந்தத் தலைமைப் பாடமும் கற்றுத்தந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே பெயரைப் பார்த்துச் சேர்க்க வேண்டாம், உள்ளே என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள்.

வளாக ஊழியன் எழுதியது:

நான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விடுதி வாழ்க்கைப் பிரிவில் பணியாற்றுகிறேன். வர்ஜீனியா டெக்கில் அன்று. மேலே எழுதிய இருவர் சொல்வதும் உண்மை, இரண்டு வகையும் எங்கள் துறையில் உண்டு.

தங்குமிடத்தையும் படிப்பையும் இணைக்கும் எண்ணம் இந்த நாட்டில் புதிதன்று. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் மைக்கிள்ஜான் என்ற கல்வியாளர் 1927இல் சோதனைக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். முதலிரண்டு ஆண்டு மாணவர்களும் அவர்களது ஆசிரியர்களின் அறைகளும் ஒரே விடுதிக் கட்டிடத்தில் இருந்தன. முதலாண்டு முழுக்கப் பழைய ஏதென்ஸ் நகரின் வாழ்க்கை, இரண்டாம் ஆண்டில் சமகால அமெரிக்கா; தனித்தனிப் பாடங்கள் கிடையாது. அது 1932இல் மூடப்பட்டது. பொருளாதார நெருக்கடி ஒரு பக்கம், வளாகத்தின் மற்றப் பகுதியினர் அந்த விடுதியைத் தனித் தீவாகப் பார்த்துச் சந்தேகித்தது இன்னொரு பக்கம். அந்தத் தீவு மனப்பான்மை இன்றைய குழுமங்களுக்கும் வரக்கூடிய நோய். முதல் ஆறு வாரங்களில் கிடைக்கும் நண்பர்களோடு வட்டத்தை மூடிக்கொள்ளும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இத்தகைய குழுமங்களில் இருந்தவர்கள் படிப்பை இடையில் விடுவது குறைவு, பேராசிரியர்களோடு கூடுதலாகப் பழகுகிறார்கள் என்றெல்லாம் பல்கலைக்கழகங்களின் அறிமுகக் கையேடுகளில் படிப்பீர்கள். நாங்களே எழுதுகிறோம். அதைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: தனியாகக் கட்டுரை எழுதி விண்ணப்பிக்கும் மாணவர் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர். அவர் எங்கே தங்கியிருந்தாலும் ஓரளவு நன்றாகவே செய்திருப்பார். குழுமத்தால் வந்த பயன் எது, மாணவர் கையோடு கொண்டுவந்தது எது என்று பிரித்தறிவது ஆய்வாளர்களுக்கே கடினமான வேலை.

பதாகை மட்டும் உள்ள மாடியையும் உண்மையான குழுமத்தையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி, அங்கே பாடம் இருக்கிறதா, அதை நடத்துபவர் யார் என்று கேட்பது. கல்வித் துறை ஒன்று பொறுப்பேற்று நடத்தும் பாடமாக இருந்தால் அதற்கு ஆசிரியர் இருப்பார், திருத்தும் கட்டுரை இருக்கும், வராதவரைக் கேட்க ஆள் இருக்கும். விடுதிப் பிரிவு மட்டும் தன் ஊழியர்களை வைத்து நடத்துவதாக இருந்தால், ஆர்வமுள்ள ஊழியர் வேறு வேலைக்குப் போன மறு ஆண்டே அது பீட்சா கூட்டமாகிவிட வாய்ப்பு உண்டு. என் சக ஊழியர்கள் இதைப் படித்தால் என் மீது கோபப்படுவார்கள். ஆனாலும் நான் கண்டது இதுவே. அந்தப் பாடத்தின் கிரெடிட் வெறும் உபரியாக நிற்குமா, பட்டத்துக்கு அவசியமான பொதுப் பாடங்களில் ஒன்றாகக் கணக்கில் சேருமா என்பதையும் பொறியியல் பிரிவின் கல்வி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். பொதுப் பாடமாகச் சேர்ந்தால் உங்கள் மகளுக்கு அது கூடுதல் சுமை ஆகாது, எப்படியும் படிக்க வேண்டியதை இங்கே படிக்கிறாள் என்று ஆகும்.

கேட்டுவிடுங்கள் என்றேன். கேட்க வேண்டியவர் உங்கள் மகள். 1974ஆம் ஆண்டின் கல்வி ஆவணத் தனியுரிமைச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் மதிப்பெண் உள்ளிட்ட ஆவணங்கள் மீதான உரிமை மாணவருக்கே போய்விடுகிறது. அறைத்தோழியோடு சண்டை என்று பெற்றோர் எங்களை அழைத்தால், அன்போடு கேட்டுக்கொள்வோமே தவிர அதிகம் பேச மாட்டோம். பிள்ளைகள் தாங்களே பேசித் தீர்க்க வேண்டும் என்பது தலைமைத்துவக் குழுமத்தில் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அறைத்தோழிகள் இருவரும் முதல் வாரத்தில் உட்கார்ந்து, விளக்கை எப்போது அணைப்பது, விருந்தினர் வரலாமா, யார் எதை எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தம் ஒன்றை எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கும். பல பிள்ளைகள் அதில் எல்லாவற்றுக்கும் சரி என்று எழுதிவிட்டு, அக்டோபர் மாதத்தில் தொலைபேசியில் அம்மாவிடம் அழுகிறார்கள்.

லவுடன் அம்மா எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இவற்றை மகளிடம் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் வாசிப்பு கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். ஹோக் தம்பதியர் பகுதியை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள். பிறகு, எதற்காக இதில் சேர விரும்புகிறாய் என்று முதன்முறையாகக் கேட்டேன். அதுவரை எதற்கு வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பள்ளி ரோபோட்டிக்ஸ் குழுவில் நான்கு ஆண்டுகளும் நிரல் எழுதியவள் அவள். ஆனால் போட்டிகளில் நடுவர்களிடம் விளக்கிப் பேசியதெல்லாம் வேறொருவன், அதுவும் சில இடங்களில் தவறாக. பக்கத்திலேயே நின்றுகொண்டு திருத்தாமல் இருந்தாளாம். 'எனக்குத் தலைவி ஆக வேண்டாம் அம்மா, அந்த இடத்தில் வாயைத் திறக்கத் தெரிந்தால் போதும்' என்றாள். இதை நான்கு ஆண்டுகளாக எங்களிடம் சொன்னதே இல்லை.

கல்வி ஆலோசகருக்கு அவளே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். என் கணவர் இன்னும் முழுமையாக இறங்கி வரவில்லை; தேர்வு வாரத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்கச் சொல்கிறார். பழைய விடுதிவாசியிடம் இது என் கடைசிக் கேள்வி: கணிதத் தேர்வும் குழுக் கூட்டமும் ஒரே மாலையில் வந்தால் எப்படிச் சமாளித்தீர்கள்?

பழைய விடுதிவாசி எழுதியது:

அக்கா, முதல் பருவத்தில் சமாளிக்கவில்லை. முதல் கால்குலஸ் தேர்வுக்கு முந்தின இரவு கூட்டத்தில் உட்கார்ந்திருந்து, மதிப்பெண்ணைப் பார்த்து அழுதேன். அந்தக் கூட்டத்துக்கு வர முடியாது என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைக் கடித்திருக்க மாட்டார்கள். பெரிய தேர்வுகளின் தேதிகள் பருவத் தொடக்கத்திலேயே பாடத்திட்டத் தாளில் இருக்கும். இரண்டாம் பருவத்தில் அவற்றையெல்லாம் எழுதி முதல் கூட்டத்திலேயே குழுவினரிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் குழுவில் கட்டிடக்கலை மாணவி ஒருத்தியும் இருந்ததால் அவளுடைய ஸ்டுடியோ கெடுக்களையும் சேர்த்துக் கூட்ட நாட்களை முடிவு செய்தோம். கால்குலஸுக்குச் சேர்ந்து படிக்க அதே மாடியில் நான்கு பொறியியல் மாணவர்கள் கிடைத்தார்கள் என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பொதுக்கூடத்து வெள்ளைப் பலகையை இரவு பதினொரு மணிக்குமேல் நாங்கள்தான் வைத்திருப்போம்.

விண்ணப்பக் கட்டுரையில் அந்த ரோபோட்டிக்ஸ் நிகழ்ச்சியையே எழுதச் சொல்லுங்கள். பதவிகளின் பட்டியலை எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

லவுடன் அம்மா எழுதியது:

எழுதி அனுப்பிவிட்டாள். என்ன எழுதினாள் என்று கேட்டேன், காட்ட மாட்டேன் என்கிறாள்.